ஜன்னலில் வலை கட்டினால் அலை நிற்குமா?

எங்கள் மாடி அறை ஜன்னலுக்கு நேர் எதிரே செல்போன் டவர் வந்திருக்கிறது. அந்த அறையில்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள். ஜன்னலுக்கு அலுமினிய ஃபாயில் ஒட்டலாமா, செம்பு வலை அடிக்கலாமா? எதில் பலன் அதிகம், ஐயா?
— ஒரு வாசகி

குழந்தைகள் படுக்கும் அறை என்றால் மனசு கேட்காதுதான். ஆன்டெனா பொருத்துவதும் அளப்பதும்தான் எனக்கு வெகுகாலம் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வலை வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் அம்மா.

பல ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் போய் சிம் நிலை என்ற பகுதியைத் திறந்தால் சிக்னல் அளவு டெசிபல் கணக்கில் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 75 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் பலவீனம். எண் 10 குறைந்தால், அதாவது மைனஸ் 75 மைனஸ் 85 ஆனால், அலையின் திறன் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஜன்னலோரம், கட்டில் பக்கம், அடுத்த அறை என்று மூன்று இடங்களில் பாருங்கள். ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட வேண்டாம், எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதை வைத்து உடல்நலத்தைக் கணக்கிட முடியாது. ஆனால் அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஜன்னலை அடைத்தால் என்ன மாறுகிறது என்பது தெரிந்துவிடும். ஜன்னலோரமும் அடுத்த அறையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினால், அலை ஜன்னல் வழியாக மட்டும் வரவில்லை என்று அர்த்தம். செங்கல் சுவரும் மரக்கதவும் அலையைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

பாதுகாப்பு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு, செல்போன் டவர்கள் பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, பொதுமக்கள் இருக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 9 வாட் என்று எல்லை வகுத்திருக்கிறது. டவருக்குப் பக்கத்து வீடுகளில்கூட, உள்ளே அளந்தால் சாதாரணமாக அதில் நூறில் ஒரு பங்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அதற்குக் காட்டிய வரையறுக்கப்பட்ட சான்று, போனைக் காதில் வைத்து நிறையப் பேசுபவர்களைப் பற்றியது. டவர் பக்கத்தில் குடியிருப்பவர்களைப் பற்றியது அல்ல.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டவர் தூரத்தில் இருக்கிறது, போன் கையில் இருக்கிறது. இரைச்சலான இடத்தில் நாம் குரலை உயர்த்திப் பேசுவதைப் போலத்தான் போனும்: சிக்னல் நன்றாக இருந்தால் மிகக் குறைந்த சக்தியில் அலை அனுப்பும், சிக்னல் குறைந்தால் தானாகவே சக்தியைக் கூட்டும். 4ஜி போன் உச்சமாக 200 மில்லிவாட் வரை போகும். டவர் அருகில் தெளிவாகக் கிடைக்கும்போது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஜன்னலை அரைகுறையாக அடைத்துவிட்டு உள்ளே குழந்தை போனில் பேசினால், டவரிலிருந்து வரும் அலை குறையும். குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் போன் அனுப்பும் அலையோ கூடும். அதே அறையில் வைஃபை ரவுட்டர் இருந்தால் அதன் அலையும் உலோக வலையில் பட்டு உள்ளேயே திரும்பும்.

அதனால் ஜன்னலில் கை வைக்கும் முன் குழந்தைகளின் தலையணைக்கடியில் இருக்கும் போனை எடுத்துவிடுங்கள். ரவுட்டரைக் கட்டிலிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள், தூரம் இரட்டித்தால் திறன் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். இரவில் அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. காசு செலவில்லாத வேலை இது, பலனும் வலையைவிட நிச்சயம்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஜன்னலை அடைக்கத்தான் வேண்டும் என்றால், சரி, ஒழுங்காகச் செய்யுங்கள். ஃபாயில் தடுக்கும். ஒரு கிகாஹெர்ட்ஸ் (1000 மெகாஹெர்ட்ஸ்) அலை அலுமினியத்துக்குள் சுமார் இரண்டரை மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்திலேயே மங்கிவிடும், சமையலறை ஃபாயில் அதைவிடப் பல மடங்கு தடிமன். ஆனால் வெளிச்சம் போய்விடும். கம்பிவலை என்றால் காற்றும் வெளிச்சமும் வரும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், ஓரிரு மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை அதற்குப் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பொடிப்பொடியாக ஓட்டை போட்ட தகடு இருக்கிறதே, அதே தத்துவம்தான். செம்பு, அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதுவானாலும் சரி. நைலான், ஃபைபர் கொசுவலை ஒன்றுக்கும் உதவாது.

காரியம் கெடுவது ஓரத்தில்தான். வலையை நடுவில் இழுத்துக் கட்டிவிட்டு, சட்டத்தோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு இடுக்கு விட்டுவிடுவார்கள். இடுக்கு மெல்லியதுதானே என்று தோன்றும். அலைக்கு அகலம் பெரிதல்ல, நீளம்தான் கணக்கு. எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கீறல், 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளத்துக்குச் சமம். அது ஆன்டெனா போலவே வேலை செய்து அலையை உள்ளே விட்டுவிடும். அலுமினியச் சட்டத்தின் மேல் பெயின்ட்டோ ஆனோடைஸ் பூச்சோ இருந்தால் வலை அதைத் தொட்டாலும் மின்தொடர்பு கிடைக்காது. வலை படியும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, நான்கு பக்கமும் பட்டை வைத்து, நெருக்கமாகத் திருகி இறுக்க வேண்டும். முடித்ததும் மறுபடி அளந்து பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் அலை வேறு வழியில் வருகிறது, வலை கட்டிப் பயனில்லை.

ஜன்னல் வலைக்கு எர்த் கொடுத்தால்தான் அலை பூமிக்குள் போகும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. உலோக வலை அலையைத் திருப்பி அனுப்புகிறது, பிடித்துப் பூமிக்குள் இறக்குவதில்லை. எர்த் இல்லாமலேயே தடுக்கும். இந்த அதிர்வெண்ணில் மீட்டர் கணக்கில் நீண்ட எர்த் கம்பி, தடுப்புக்கு எந்த உதவியும் செய்யாது. வலைக்கு அருகில் மின் ஒயர் போகிறது என்றால் விஷயம் வேறு. ஷாக் அடிக்காமல் இருக்க எர்த் தேவையா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

எனக்கு நேர்மாறான தொல்லை. வெயில் தாங்கும் புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டுக்குள் போன் எடுப்பதே இல்லை.
— இன்னொரு வாசகர்

அந்தக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, ஆனாலும் 20 முதல் 30 டெசிபல் வரை சிக்னலைக் குறைத்துவிடும். சாதாரணக் கண்ணாடி அலையை ஏறக்குறைய அப்படியே விடும். சில ஐரோப்பிய ரயில்களில் இதே பிரச்சினை வந்து, பூச்சில் லேசரால் மெல்லிய கோடுகள் கீறிச் சிக்னலை உள்ளே விட்டார்கள். நீங்கள் கண்ணாடியை மாற்ற வேண்டாம், போனில் வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) இருந்தால் அதை இயக்குங்கள். சிக்னலைக் கூட்டும் கருவி என்று கண்ட பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியில்லாத பூஸ்டர் அக்கம்பக்கத்து இணைப்புகளையெல்லாம் கெடுக்கும், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட.

‘99 சதவீதம் தடுக்கும்’ என்று வெள்ளி இழைத் திரைச்சீலை விற்கிறார்கள். வாங்கிப் போட்ட பிறகும் போன் அடிக்கிறதே?

99 சதவீதம் என்றால் 20 டெசிபல்தான். மைனஸ் 75-இல் இருந்த சிக்னல் மைனஸ் 95 ஆகும், அதிலும் போன் தாராளமாக அடிக்கும். 99.9 என்றால் 30 டெசிபல். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஓர் ஒன்பதுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். அதுவும் துணியை மட்டும் ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தது. உங்கள் வீட்டில் மேலும் கீழும் இடைவெளி விட்டுத் தொங்கும் சீலைக்கு அந்த எண் பொருந்தாது. இனி வாங்குவதானால் எந்த அதிர்வெண்ணில் அளந்தது, எத்தனை துவைப்புக்குப் பிறகு அளந்தது என்று கேளுங்கள். வெள்ளி இழை துவைக்கத் துவைக்கத் தேய்ந்து போகும்.