கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒட்டி ஆடுகிறதா என்று சீசன் தொடக்கத்திலேயே எப்படிச் சொல்வது?

மதுரையில் உங்கள் கல்லூரி அணி முதல் மூன்று மேட்சில் இரண்டில் தோற்றுவிட்டது, தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கோரை விடுங்கள். பந்து கையில் இல்லாத நான்கு பேரைக் கவனியுங்கள்.

சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். பழகாத அணியில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே பாதி நேரத்தைக் கரைப்பார், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், கடைசியில் அவசர ஷாட். இது திறமைக் குறைவு இல்லை. சீனியர்கள் படிப்பு முடித்துப் போன பிறகு, புதுப் பையன்கள் எந்தப் பக்கம் வெட்டி ஓடுவார்கள் என்பது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பயிற்சி ஆட்டம் பார்த்தேன். உயரமான முதலாண்டுப் பையன் ஸ்கிரீன் போட்டுவிட்டு, அதாவது எதிரணி ஆளின் வழியில் குறுக்கே நின்று மறித்துவிட்டு, கூடையை நோக்கித் திரும்பினான். பாஸ் அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கோட்டைத் தாண்டியது. கொடுத்தவன் ஓடிவந்து தோளைத் தட்டி, “என் தப்புடா, அடுத்தது நெஞ்சுக்கு நேரா தர்றேன்” என்றான். அந்த அணி மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் டிஃபன்ஸில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். “லெஃப்ட்ல ஸ்கிரீன்” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினால்தான் முன்னால் இருப்பவன் தப்புவான். ஏழெட்டு மேட்ச் ஆன பின்பும் வாயைத் திறக்காமல் ஆடினால், அப்போது நானும் கவலைப்படுவேன்.