10 நாள் ஜப்பான் பயணம்: வயதான அப்பா அம்மாவும் 8 வயது மகளும் கூட வருகிறார்கள், சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் திட்டம் இது: ஏப்ரல் 25 சென்னையில் இருந்து கிளம்புகிறீர்கள். ஜப்பானில் 9 இரவு: டோக்கியோ 2, ஹகோனே 1, கனசாவா 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. அப்புறம் மறுபடி டோக்கியோ போய் அங்கிருந்து ஊர் திரும்புகிறீர்கள். எதையாவது விட்டுவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2024 நவம்பரில் நானும் 71 வயது அப்பாவையும் முட்டி வலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: தேதியைப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், பட்டியலில் இருந்து இரண்டு ஊரை எடுத்துவிடுங்கள்.

முதலில் தேதி. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானில் வரிசையாக அரசு விடுமுறைகள் வரும். கோல்டன் வீக் என்பார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு எக்மோரும் கிளாம்பாக்கமும் எப்படி இருக்குமோ, அங்கே ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஸ்டேஷன்கள் அப்படி இருக்கும். ஹோட்டல் வாடகை ஏறிவிடும். ஷின்கான்சென்களில் வேகமான நொசோமி ரயிலில் வழக்கமாக இருக்கும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டிகளும் அந்த நாட்களில் கிடையாது. மகளுக்குப் பள்ளி விடுமுறை மே முழுக்க இருக்கிறதே, மே 7 வாக்கில் அங்கே இறங்குகிற மாதிரி மாற்றுங்கள். வெயில் இதமாக இருக்கும், மழைக்காலம் ஜூனில்தான் தொடங்கும், கூட்டமும் வடிந்திருக்கும்.

அடுத்தது ஊர்கள். பயணத் திட்டம் போடும்போது நாம் எல்லோரும் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் எண்ணுகிறோம். நான் இப்போது எண்ணுவது எத்தனை முறை படுக்கை மாறுகிறது என்பதை. ஜப்பானில் பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மதியம் 3 மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள். இடையில் பெட்டி கட்டுவது, ஸ்டேஷனில் லிஃப்ட் தேடுவது, ரயில், மறுபடி லிஃப்ட். வயதானவர்கள் கூட இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாளுக்கு மேல் போய்விடும். உங்கள் திட்டத்தில் ஆறு ஊரில் தங்குகிறீர்கள். ஏறக்குறைய மூன்று நாள் பெட்டியோடு கழியும்.

நான் போடுவதாக இருந்தால் டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 5 இரவு, அவ்வளவுதான். ஒசாகாவுக்குத் தனியாக ரூம் வேண்டாம்; கியோட்டோவில் இருந்து சாதாரண ரயிலிலேயே அரை மணி நேரம். பெரிய புத்தர் சிலை இருக்கும் நாராவுக்கும் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டையும் காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம். ஹகோனேயையும் கனசாவாவையும் எடுத்துவிடுங்கள் என்று மனசில்லாமல்தான் சொல்கிறேன். ஹகோனேவுக்குப் போவதே ஃபூஜி மலையைப் பார்க்கத்தான், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கனசாவா அழகான ஊர், ஆனால் அங்கிருந்து கியோட்டோவுக்கு முன்பு இருந்த நேர் ரயில் இப்போது இல்லை. 2024 மார்ச்சில் ஷின்கான்சென் பாதையை ட்சுருகா வரை நீட்டிய பிறகு அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். பெட்டியையும் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஓர் இரவுக்காக அது வேண்டாம்.

விமான டிக்கெட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகா பக்கம் உள்ள கன்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி எடுங்கள். எப்படியும் சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் என்று எங்காவது மாறித்தான் போகப் போகிறீர்கள். டிக்கெட் தளத்தில் 'மல்ட்டி சிட்டி' என்ற முறையில் தேடினால் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. திரும்ப டோக்கியோ போகும் ரயில் செலவு மிச்சம். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 14,000 யென், நீங்கள் நான்கு பெரியவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மகளுக்குப் பாதிக் கட்டணம். கியோட்டோவில் இருந்து கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா என்ற நேர் ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும்.

ஒரே கட்டணத்தில் பல நாள் ரயில் ஏறும் ஜேஆர் பாஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லும். அது 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலம். 2023 அக்டோபரில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவில் இருந்து கியோட்டோ, நடுவில் ஒரு நாள் ஹிரோஷிமா போய் வருவது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தாலும் 40,000 யென்னைத் தாண்டாது. பாஸ் வேண்டாம். ஊருக்குள் போக வர சுயிகா அல்லது இக்கோகா அட்டை ஒன்று ஆளுக்கு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ, பஸ், கடை எல்லாவற்றுக்கும் தட்டினால் போதும்.

பெட்டி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது அதுதான். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் பாதையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் இருக்கும் பெட்டிக்கு, அதற்கென்று உள்ள இடத்தோடு கூடிய சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். நாங்கள் பெட்டியை ரயிலில் ஏற்றவே இல்லை. அங்கே தக்யூபின் என்று ஒரு சேவை உண்டு, நம் பார்சல் சர்வீஸ் மாதிரி. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பிலேயே காலையில் பெட்டிகளைக் கொடுத்தோம். கியோட்டோ ஹோட்டல் முகவரியைச் சீட்டில் அவர்களே எழுதினார்கள். அளவைப் பொறுத்துப் பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் வரை. மறுநாள் பெட்டிகள் கியோட்டோவில் இருந்தன. ஓர் இரவுக்கான துணியும் மாத்திரையும் மட்டும் கைப்பையில். அப்பா கையை வீசிக்கொண்டு ரயில் ஏறினார். டிக்கெட் எடுக்கும்போது வலது பக்கம் ஈ சீட்டாகக் கேளுங்கள். டோக்கியோ விட்டு 40–45 நிமிடத்தில் அந்த ஜன்னலில்தான் ஃபூஜி வரும். நாங்கள் போன நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனி சாப்பாடு. சைவத்துக்கு ஜப்பானில் உள்ள சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. தட்டில் காய்கறியும் டோஃபுவும் மட்டும்தான் இருக்கும், ஆனால் சாறு, சூப், சாஸ் எல்லாவற்றிலும் தாஷி என்ற அடிச்சாறு இருக்கும். பெரும்பாலும் அது கட்சுவோபுஷி போட்டது. நம் தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு செய்வார்களே, அந்தச் சூரை மீன் வகைதான், புகையில் உலர்த்திச் சீவுவது. அதனால் "சைவமா?" என்று கேட்டால் பலர் நல்ல மனதோடு ஆமாம் என்றே சொல்லிவிடுவார்கள். இறைச்சி, மீன், தாஷி மூன்றும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். டோக்கியோவில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. நிஷி கசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். கியோட்டோவில் கோயில்களில் ஷோஜின் ரியோரி என்ற துறவிகள் உணவு கிடைக்கும். சுத்த சைவம், ஒரு நாளாவது சாப்பிடுங்கள், ஆனால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

நாங்கள் ஒரு தவறு செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். வீட்டில் இருந்து எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் கொண்டு போனோம். முதல் ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி வைத்தோம், முக்கால் மணி ஆகியும் கொதிக்கவில்லை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் சாமானை அதில் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடக் கிடைக்காது. நம் கெட்டிலுக்கும் இதே கதைதான். போன் சார்ஜருக்குச் சிக்கல் இல்லை, தட்டையான இரண்டு பின் அடாப்டர் இருந்தால் போதும். குக்கர் தேவையும் இல்லை. எல்லா கான்பினியிலும், அதாவது தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடையிலும், வெந்த வெறும் சாதம் பாக்கெட்டில் விற்கிறது. இரண்டு நிமிடம் மைக்ரோவேவில் வைத்தால் குழைவான சோறு. சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை போடாத தயிர் 400 கிராம் டப்பா வாங்கலாம். வீட்டில் இருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் கொண்டு போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், அரிசி வேண்டாம், சுங்கத்தில் நிறுத்துவார்கள்.

அம்மாவுக்குப் பிடித்துப்போன இடம் எந்தப் பட்டியலிலும் பார்க்காதது, அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் சென்சோஜி கோயிலைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் மட்சுச்சியாமா ஷோதென் என்ற சின்ன மேட்டுக் கோயில். அங்கே இருக்கும் கங்கிதென் நம் பிள்ளையார்தான், பௌத்தத்தோடு அங்கே போனவர். மூர்த்தியை யாருக்கும் காட்ட மாட்டார்கள். பக்தர்கள் அவருக்குப் படைப்பது முள்ளங்கி. முழங்கை நீளத்துக்கு வெள்ளை முள்ளங்கி, இலைக்காம்போடு சந்நிதி முன் அடுக்கி இருக்கும். கோயிலிலேயே விற்கிறார்கள். படைத்ததைப் பிரசாதமாக எடுத்துக்கொண்டு போகவும் விடுகிறார்கள். அம்மா ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றிக் கியோட்டோ வரை கொண்டு வந்தார். அங்கே நூறு யென் கடையில் துருவல் வாங்கி, தயிரில் துருவிப் போட்டுப் பச்சடி செய்தார். ஹோட்டல் மேஜையில் எல்லோரும் அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். கோயிலுக்குப் படி ஏற முடியாதவர்களுக்குக் குட்டி ரயில் மாதிரி ஒரு லிஃப்ட் வண்டி இருக்கிறது, காசு இல்லை.

டோக்கியோவில் உவேனோ பக்கம் தங்குங்கள். நரிதா விமான நிலையத்தில் இருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணியில் நேராக அங்கே வரும், அசாகுசா பக்கத்திலேயே. கியோட்டோவில் ஸ்டேஷனுக்கு அருகில். கியோட்டோ பஸ்களில் கூட்டம் தாங்காது, முடிந்தவரை ரயிலில் போங்கள். ஃபுஷிமி இனாரி கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கியோட்டோ ஸ்டேஷனில் இருந்து இரண்டாவது நிறுத்தம். காலை 7 மணிக்குப் போனால் அந்தச் சிவப்பு வளைவுகளுக்குக் கீழே நிம்மதியாக நடக்கலாம், முழு மலையும் ஏறத் தேவையில்லை. நாராவில் பெரிய புத்தரைப் பார்க்கும்போது மகளிடம் சொல்லுங்கள்: 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவில் இருந்து போன போதிசேனர் என்ற துறவி. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எந்த நாளிலும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வைத்து மதியம் ரூமுக்கு வந்துவிடுங்கள்.

ஹிரோஷிமாவை மட்டும் பட்டியலில் இருந்து எடுத்துவிடாதீர்கள், அங்கே தங்காமல் போய் வாருங்கள். கியோட்டோவில் இருந்து நொசோமியில் ஒரு மணி 40 நிமிடம் போல. ஒரு நாள் முழுக்க அதற்கே கொடுங்கள், மறுநாளைக் காலியாக வையுங்கள். அங்கே அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தில் கருகித் துருப்பிடித்த ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. நான்கு வயதுகூட நிறையாத பையனுடையது. அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார், நான் கூப்பிடவில்லை. 8 வயதுக் குழந்தைக்கு உள்ளே இருப்பது கனமாக இருக்கும். பெரியவர்கள் இரண்டு பிரிவாகப் போங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் மகளோடு வெளியே பூங்காவில் இருக்கலாம். அங்கே காகிதக் கொக்குகள் தொங்கும் குழந்தைகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. முந்தின நாளே ஒரு கொக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.

மருந்து: அப்பா அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரைகள் ஒரு மாதத்துக்குள் இருந்தால் அனுமதி வாங்க வேண்டியதில்லை, மருத்துவர் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும். கோடீன் உள்ள இருமல் மருந்து, சூடோஎபெட்ரின் உள்ள ஜலதோஷ மாத்திரை எதையும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே அவற்றுக்குச் சட்டம் கடுமை.

விசா விண்ணப்பத்தில் நாள்வாரியாக எங்கே இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று ஒரு அட்டவணை கேட்பார்கள். அதனால் ஹோட்டலை இலவசமாக ரத்து செய்ய முடிகிற விதத்தில் முதலில் போட்டுவிடுங்கள். ரூம்கள் ரொம்பச் சின்னவை, ஐந்து பேருக்கு இரண்டு ரூம் கட்டாயம். புகை பிடிக்காத ரூம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்பா அம்மாவின் முட்டிக்காகக் குளியல் தொட்டியின் விளிம்பு எவ்வளவு உயரம் என்றும் படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கியோட்டோ ஹோட்டலில் அது முழங்காலுக்கு மேல் இருந்தது, தினமும் ஒருவர் கை பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது.