கிரிப்டோ பணம், கிரிப்டோ பேச்சே இல்லாத விளம்பரம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்கத் தேர்தல் பணம் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கே: லாபியிஸ்ட் என்பது நம் ஊர் புரோக்கருக்குக் கோட்டு சூட்டு மாட்டிய வேஷம்தானே? லஞ்சம் என்று சொல்லாமல் எதற்கு இந்த நாகரிகப் பெயர்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

ப: பாதி சரி சார். அரசிடம் போய்க் குறை சொல்வதும் கோரிக்கை வைப்பதும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் எல்லோருக்கும் கொடுக்கிற உரிமை. சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக அதைச் செய்பவர் லாபியிஸ்ட். 1995 சட்டப்படி அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், யாருக்காக, எதற்காக, எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிய கணக்கே, வாஷிங்டன் மட்டத்தில் மட்டும், இப்போது ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது. நம் புரோக்கர் எந்தக் காலத்தில் கணக்குக் காட்டினார்?

ஆனால் இது எங்கே முடிந்து லஞ்சம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கப் போனால் தலை சுற்றும். விர்ஜீனியா ஆளுநராக இருந்த பாப் மெக்டானலும் அவர் மனைவியும் ஒரு ஊட்டச்சத்து மாத்திரை வியாபாரியிடமிருந்து ரோலெக்ஸ் வாட்ச், மகள் கல்யாணத்துக்குப் பணம், கடன் என்று 1,75,000 டாலருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். பதிலுக்கு ஆளுநர் அந்த மனிதருக்கு அதிகாரிகளோடு சந்திப்புகள் ஏற்பாடு செய்து கொடுத்தார். கீழ்க் கோர்ட் குற்றவாளி என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்துவிட்டார்கள். வெறும் சந்திப்பு ஏற்பாடு செய்து கொடுப்பது சட்டம் சொல்லும் 'அரசு நடவடிக்கை' ஆகாதாம். லாபியிஸ்ட் விற்பது பெரும்பாலும் அந்தச் சந்திப்பைத்தானே!

கே: ஒரு வேட்பாளருக்குத் தனிநபர் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று அங்கே வரம்பு இருக்கிறதாமே, அப்புறம் எப்படிக் கோடிக்கணக்கில் பாய்கிறது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

ப: வரம்பு இருக்கிறது. 2024-இல் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் தனி, பொதுத் தேர்தல் தனி, ஆக 6,600. லாபியிஸ்டுகள் தங்களுக்குத் தெரிந்த வசதியானவர்களிடம் இப்படிப் பத்து, இருபது காசோலை வாங்கிச் சேர்த்து ஒரே கட்டாக வேட்பாளரிடம் கொடுப்பதும் உண்டு. கட்டு யாருடையது என்பது வேட்பாளருக்கு நன்றாகவே நினைவிருக்கும், மொய் நோட்டு மாதிரி.

இதெல்லாம் சில்லறை. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. வேட்பாளரோடு கூடிப் பேசாமல், தனியாக விளம்பரத்துக்குச் செலவழிப்பது பேச்சுரிமை, கம்பெனியாக இருந்தாலும் தடுக்கக் கூடாது என்று. அதன் பின்னாலேயே வந்தவைதான் 'சூப்பர் பேக்' அமைப்புகள், அவற்றுக்கு நன்கொடை உச்சவரம்பே கிடையாது. கூடிப் பேசக் கூடாது என்பதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வேட்பாளர் தன் இணையதளத்தில் ஒரு சிவப்புக் கட்டம் போட்டு 'வாக்காளர்கள் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதி வைப்பார், அதைப் பார்த்து சூப்பர் பேக் விளம்பரம் எடுக்கும். யாரும் யாரிடமும் பேசவில்லை!

எனக்கு இதில் பணத்தின் அளவைவிட ஆச்சரியமாக இருப்பது வேறு ஒன்று. கொடுப்பவருக்கு என்ன வேண்டுமோ அது விளம்பரத்தில் இருக்கவே இருக்காது. 2024-இல் காயின்பேஸ் போன்ற கிரிப்டோ (டிஜிட்டல் நாணயம்) கம்பெனிகள் பணம் போட்ட ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக், கலிஃபோர்னியா செனட் உட்கட்சித் தேர்தலில் நின்ற ஜனநாயகக் கட்சி எம்.பி. கேட்டி போர்ட்டரை எதிர்த்து சுமார் 1 கோடி டாலர் இறைத்தது. விளம்பரத்தில் கிரிப்டோ என்ற சொல்லே இல்லை, அவர் பெரிய கம்பெனிக்காரர்களிடம் காசு வாங்குகிறவர் என்று குற்றச்சாட்டு. கம்பெனிக் காசில் எடுத்த விளம்பரம் சொல்கிறது இதை! அதே ஆண்டு உட்கட்சித் தேர்தலில், இஸ்ரேலை விமர்சித்த எம்.பி.க்களான நியூயார்க்கின் ஜமால் போமனையும் மிசௌரியின் கோரி புஷ்ஷையும் தோற்கடிக்க, இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபாக்கின் சூப்பர் பேக் முறையே சுமார் 1.45 கோடி, 85 லட்சம் டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்பட்டது இஸ்ரேல் இல்லை, இருவரும் பைடனின் சாலை, பால மசோதாவை எதிர்த்து வாக்களித்தது. இரண்டு பேருமே தோற்றார்கள்.

அப்புறம் அதே ஆண்டு ஒஹையோ மாநில செனட் தேர்தல். செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்து கிரிப்டோவைச் சந்தேகத்தோடு பார்த்தவர் ஷெரட் பிரவுன், அவருக்கு எதிராளிக்கு ஆதரவாக ஃபேர்ஷேக் வட்டாரம் 4 கோடி டாலர் இறக்கியது, அவரும் தோற்றார். தேர்தல் முடிந்த சில மாதங்களுக்குள் 2026 தேர்தலுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாக அறிவிப்பு வந்தது. 2025 ஜூனில் அந்தத் துறை கேட்டுக்கொண்டிருந்த ஸ்டேபிள்காயின் (டாலர் போன்றவற்றின் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ) மசோதா செனட்டில் 68-30 என்று நிறைவேறியது, ஆதரித்தவர்களில் 18 பேர் பிரவுனின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். பயந்துதான் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், மசோதா நல்லது என்று நிஜமாகவே நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அடுத்த தேர்தலைச் சந்திக்க வேண்டிய ஒருவருக்கு ஒஹையோ கதை ஞாபகத்துக்கு வராமலா இருந்திருக்கும்?

கே: பணம் கொட்டினால் வெற்றி நிச்சயமா?
(மென்பொருள் பொறியாளர், நியூ ஜெர்சி)

ப: இல்லை. 2020-இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக உட்கட்சித் தேர்தலில் நின்ற கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 100 கோடி டாலர் சொந்தப் பணம் செலவழித்து ஜெயித்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா தீவு. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஈலான் மஸ்க் தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் அவர்கள் ஆள் தோற்றார், அதுவும் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில். எல்லோர் கண்ணும் இருக்கிற தேர்தலில் பணம் தடுமாறும். யாரும் கவனிக்காத உட்கட்சித் தேர்தலில்தான் அது ராஜா.

கே: எம்.பி. பதவி போன பிறகு அவர்களே லாபியிஸ்ட் ஆகிவிடுவார்களாமே?
(மருந்துக்கடைக்காரர், ஈரோடு)

ப: உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கதையே இருக்கிறது. லூசியானாவைச் சேர்ந்த பில்லி டாசின், பிரதிநிதிகள் சபையின் எரிசக்தி, வணிகக் குழுத் தலைவராக இருந்தவர். 2003-இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துகளைச் சேர்க்கும் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றினார். அதில் ஒரு வரி: விலையைப் பற்றி அரசு மருந்துக் கம்பெனிகளோடு பேரம் பேசக் கூடாது. கத்தரிக்காய் வாங்கும்போதே பேரம் பேசுகிற நமக்கு இது விளங்காது. 2005 ஜனவரியில் அவர் மருந்துக் கம்பெனிகளின் லாபி அமைப்புக்கே தலைவர் ஆனார், சம்பளம் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. அந்த வரியை ஓரளவு உடைக்க 2022 வரை ஆனது, அதன்படி முதல் பத்து மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில்.

கே: அவர்களைச் சொல்கிறோமே, இங்கே என்ன வாழ்கிறது?
(கோவை வாசகி)

ப: இங்கே லாபியிஸ்ட் பதிவு செய்யச் சட்டமே இல்லை. 2012-இல் வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைவதற்காகவும் லாபி செலவு செய்தது நமக்குத் தெரிந்தது எப்படி என்றால், அமெரிக்க செனட்டில் அது காட்டிய கணக்கு வழியாகத்தான். அதை வைத்துத்தான் நம் நாடாளுமன்றத்தில் அமளி!

தேர்தல் பத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, கொடுத்தவர் பெயரை மக்களுக்கு மறைத்தார்கள், 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பட்டியல் வெளியே வந்தபோது அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க., அதிகம் கொடுத்தது உங்கள் கோவையோடு தொடர்புடைய லாட்டரி அதிபர் மார்ட்டினின் கம்பெனி, 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போனது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே லாட்டரிக்குத் தடை.