பந்தயப் புறாக்களில் கழுத்துத் திருகல்

கேள்வி: பந்தயப் புறாக்களோடு நாட்டுக்கோழிகளும் வளர்க்கிறேன். ஒரு வாரமாகச் சில புறாக்கள் தண்ணீராக எச்சமிட்டுக் கழுத்தைத் திருகிக்கொள்கின்றன. கொத்தினால் தானியம் அலகில் சிக்குவதில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனில்லை. கொன்றுவிடலாமா?

பதில்: கொல்ல வேண்டாம். தாங்கள் கூறும் அறிகுறிகள் புறாக்களைத் தாக்கும் பாரமிக்ஸோ வைரஸ் நோயையே பெரிதும் ஒத்திருக்கின்றன. கோழிகளில் வெள்ளைக்கழிச்சலை உண்டாக்கும் ராணிக்கெட் வைரஸின் புறா வகை இது. எச்சத்தைக் கூர்ந்து பாருங்கள்: தெளிந்த நீரின் நடுவே சிறு கழிவுத் துண்டு உருக்குலையாமல் கிடந்தால், அது வயிற்றுப்போக்கு அன்று, சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் வெளியேறும் நீர். சால்மோனெல்லா கிருமியாலும் கழுத்துத் திருகக்கூடும் என்பதால், குறிப்பாக மூட்டு வீக்கமோ இறக்கைத் தொங்கலோ காணப்பட்டால், கால்நடை மருத்துவர் மூலம் ஆய்வகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் இரையும் நீரும் தடையின்றிக் கிடைத்தால் பல புறாக்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. இந்நோயில் பறவை இறப்பதற்குப் பட்டினியும் ஒரு முக்கியக் காரணம் என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது. தட்டையான தட்டில் சிதறிய தானியத்தை நோயுற்ற புறாவால் குறிபார்த்துக் கொத்த முடியாது. ஆழமான கிண்ணத்தில் கம்பையும் சோளத்தையும் நிரப்பி வைத்தால், அலகு எங்கே விழுந்தாலும் இரை கிடைக்கும். அதுவும் இயலாத பறவைக்கு ஊறவைத்த பட்டாணியைக் கையால் ஊட்டுங்கள். எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை) கலந்த நீர் எப்போதும் இருக்கட்டும்.

நலமாக உள்ள புறாக்களுக்குச் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரித்த ராணிக்கெட் தடுப்பூசியை மருத்துவரே தோலுக்கடியில் போட வேண்டும். கழுத்தின் மேற்பகுதியில் இரத்த நாளங்கள் அடர்ந்திருப்பதால் அடிக்கழுத்தே பாதுகாப்பான இடம். கோழிக்குஞ்சுகளுக்கு விடும் லசோட்டா என்னும் ராணிக்கெட் தடுப்புச் சொட்டு மருந்து மட்டும் புறாக்களுக்குப் போதாது.

கோழிகளை இன்றே தனியே பிரியுங்கள். 1984-இல் பிரிட்டனில், லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்த தீவனத்தின் வழியாகவே கோழிப்பண்ணைகளில் இந்நோய் பரவியது. ஆகவே புறாக்கள் தின்று மிஞ்சிய தானியத்தைக் கோழிகளுக்குக் கொட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு ஆர்2பி என்னும் ராணிக்கெட் தடுப்பூசி போடாதிருந்தால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். தேறியதாகத் தோன்றும் புறாவும் சில வாரங்கள் எச்சத்தில் வைரஸை வெளியேற்றக்கூடும் என்பதால், மருத்துவர் அனுமதிக்கும்வரை பந்தயத்திற்கு விடவோ விற்கவோ கூடாது. கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். இவ்வைரஸ் மனிதர்களுக்கும் கண் அழற்சியை உண்டாக்கும்.