அண்ணனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றால் தங்கைக்கும் வருமா? மூளை ஸ்கேனில் முன்கூட்டியே தெரியுமா?

இதே கேள்வியை நானும் கோவையில் ஒரு மருத்துவரிடம் கேட்டேன், தம்பியின் எம்.ஆர்.ஐ. உறையைக் கையில் வைத்துக்கொண்டு.

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். தம்பிக்கு அப்போது 20 வயது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு ஒரு விடியற்காலையில் சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் அச்சு மை. "பனிக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்கிறார்கள் அக்கா" என்றான். அம்மா தந்த தேநீரை வாசற்படியில் கொட்டினான். "தாய்வழிக் கோளாறு" என்று உறவினர்கள் சொன்னது அம்மாவை இன்றும் அரிக்கிறது.

அது தவறு. இது ஒரு மரபணுவின் வேலையல்ல. 2022இல் வெளியான பெரிய ஆய்வு, மரபுத்தொகுதியில் 287 இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. பெரும்பாலானவை எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் சிறு மாறுபாடுகள். 2016இல் சி4 என்ற மரபணுவைப் பற்றி வந்த முடிவுதான் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. வளரிளம் வயதில் மூளை, வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழித்துக்கொள்கிறது. நாங்கள் தேயிலையைக் கவாத்து செய்வதைப் போல. சி4 மிகையாகச் செயல்படுகிறவர்களிடம் அந்தக் கவாத்து அளவு மீறக்கூடும் என்று கருதுகிறார்கள்.

இனி ஸ்கேன். நோயின் தொடக்கத்தில் இருக்கும் பலரைச் சேர்த்து, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டால், மூளையின் வெளி அடுக்கான புறணி சராசரியாகச் சற்று மெலிந்தும் உள்ளிருக்கும் திரவ அறைகள் சற்று விரிந்தும் தெரிகின்றன. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று சொல்லவே முடியாது. தம்பிக்கு எடுத்தது கட்டி, அழற்சி போன்றவை இல்லை என்று உறுதிசெய்வதற்குத்தான். அறிக்கையில் 'இயல்பு' என்று இருந்தது. அப்பா அந்த ஒரு சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்தினார். மூன்று மாதம் பாழாயிற்று. தம்பி முன்பைவிட மோசமானான். எனக்கு ஆறாதது அதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய், உடன்பிறந்தவருக்கு இருந்தால் 100 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு வருகிறது. மற்ற 91 பேருக்கு வருவதில்லை. பயந்துபோய் ஸ்கேனுக்கும் மரபணுச் சோதனைக்கும் பணம் கட்டாதீர்கள். கஞ்சாவைத் தொடாதீர்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டு, யாரோ கண்காணிப்பதாகத் தோன்றினால் நாள் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அண்ணனின் மாத்திரையில் கண் வைத்திருங்கள். "ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள்.