மாடிக்கு அனுப்பிய பிரெஞ்சு

கேள்வி: என் மகள் 3ஆம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வருடமாக ஆன்லைனில் பிரெஞ்சு கற்கிறாள்; வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு. சிறுவர்களுக்கான பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃப் பிரிம் எழுதவைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒர்க்ஷீட் எல்லாம் சரியாகப் போடுகிறாள். டீச்சர் பேசச் சொன்னால் மட்டும் வாயைத் திறப்பதில்லை, அழுகிறாள். சின்ன வயதில் விட்டால் பிறகு மொழி வராது என்கிறார்கள். டீச்சரை மாற்றலாமா? வீட்டில் இடைஞ்சல் எதுவும் இல்லை. என் மாமியார் முப்பது வருடம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, கொச்சையாகப் பேசுவார். டீச்சர் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவதால், வகுப்பு நேரத்தில் மாடிக்குப் போகச் சொல்லிவிடுகிறோம். மூட்டுவலி இருந்தாலும் மறுக்காமல் போய்விடுவார்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: இதே கடிதம் ஊரையும் மொழியையும் மாற்றிக்கொண்டு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கோவையிலிருந்து ஜெர்மன், சென்னையிலிருந்து ஜப்பானிய மொழி. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டீச்சரை மாற்றலாமா? உங்களுக்கும் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் கடைசியில் மாமியாரைப் பற்றி எழுதித் தொலைத்துவிட்டீர்கள்.

"இடைஞ்சல் எதுவும் இல்லை" என்று எழுதிய கை, அடுத்த மூச்சில் இடைஞ்சலை மாடிக்கு ஏற்றிவிட்ட கதையையும் எழுதுகிறது. திரும்பப் படித்துப் பாருங்கள்.

திரையில் டீச்சர் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறார். குழந்தை திருதிருவென்று விழிக்கிறது. உள்ளேயிருந்து பாட்டி சட்டென்று பதில் சொல்கிறார். கேள்வி காதில் விழுந்த கணத்தில் புரிகிறது, பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. மாதாமாதம் பணம் கட்டி நீங்கள் வாங்கப் பார்ப்பது இதைத்தானே அம்மா? அதைக் கேட்டு உங்களுக்கு வந்தது கூச்சம்.

கொச்சை என்கிறீர்கள். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு ஒர்க்ஷீட்டில் 'ஜ ன சே பா' என்று நான்கு சொல் இருக்கும். பாரிஸ் தெருவில் 'ஷே பா' என்று இரண்டே அசையில் முடித்துவிடுவார்கள். நாம் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு 'தெர்ல' என்பதில்லையா? நடுவிலிருக்கும் அந்த 'ன' பேச்சில் விழுந்துபோவது படித்தவர் வாயிலும் நடப்பதுதான். உங்கள் மாமியார் முப்பது வருடம் கேட்டது புத்தகத்தை அல்ல, மனிதர்களை.

உச்சரிப்பு வெறும் சாக்கு. அந்த மொழி அடுப்படி வழியாக உங்கள் வீட்டுக்கு வந்தது, அதுதான் உறுத்துகிறது. மாமியார் ஓய்வுபெற்ற பேராசிரியையாக இருந்து வகுப்பில் குறுக்கே பேசியிருந்தால், வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருப்பீர்கள். அந்த அடுப்படிச் சம்பளத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே உங்கள் கணவர்? கடிதத்தில் அவரைத் தேடினேன். 'சொல்லிவிடுகிறோம்' என்கிற பன்மைக்குள் பத்திரமாக ஒளிந்திருக்கிறார். பெற்ற தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள்.

இனி உங்கள் மகள். வீட்டில் ஒருத்தர் பிரெஞ்சு பேசினார், பேசியதும் அவரை மாடிக்கு அனுப்பினார்கள். அவள் பார்த்தது இதுதான். எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது. எழுதினால் பாராட்டு, பேசினால் மாடி. சமர்த்துப் பெண், எழுதுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது விட்டால் வராது என்பதும் பாதி உண்மைதான். நாள் முழுக்கக் காதில் விழுகிற மொழியைக் குழந்தை அள்ளிக்கொள்ளும். வாரம் மூன்று மணி நேரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கிலாந்தில் 1964இல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தொடங்கி, பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1974இல் அறிக்கை வந்தது. பதினோரு வயதில் தொடங்கியவர்களைவிட இந்தப் பிள்ளைகள் பெரிதாக முன்னே போகவில்லை. கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் இவர்கள் கை ஓங்கியிருந்தது. நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையும் அயல்மொழிகளை உயர்வகுப்புகளில்தான் வைக்கிறது. (அந்தக் கொள்கையோடு எனக்கு வேறு சண்டைகள் உண்டு, அது வேறு கதை.)

ஆக, சின்ன வயதுக்கென்று ஏதாவது சலுகை இருந்தால் அது காதுக்குத்தான். நீங்களோ காதுக்கு வேண்டியதை அப்புறப்படுத்திவிட்டுக் கையில் பென்சிலைக் கொடுத்தீர்கள். அந்த டெல்ஃப் பிரிம் தேர்வில்கூட 100 மதிப்பெண்ணில் கேட்பதற்கு 25, பேசுவதற்கு 25. பாதித் தேர்வு உங்கள் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை உங்கள் ஊர்த் தமிழ் 'சொல்தா' என்கிறது. பிரெஞ்சில் எழுதும்போது அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து உண்டு, அதை உச்சரிப்பதில்லை. இதை யாரும் உங்கள் ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. காது பார்த்துக்கொண்டது.

வகுப்பை ஆறு மாதம் நிறுத்துங்கள். தேர்வு எங்கும் ஓடிவிடாது. எழுத்தும் இலக்கணமும் இரண்டு மூன்று வருடம் கழித்து வந்தால் போதும், இன்னும் வேகமாக வரும்.

ஆனால் ஒன்று. இதைப் படித்த கையோடு, "அத்தை, நாளையிலிருந்து பாப்பாவுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்று போய் நிற்காதீர்கள். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டில் உழைத்தவரைச் சொந்த வீட்டிலும் சம்பளமில்லாத வேலைக்கு வைக்கிற காரியம் அது. டைம்டேபிள் போடாதீர்கள், நோட்டுப் புத்தகம் வாங்காதீர்கள். அவர் பூண்டு உரிக்கும்போது குழந்தை பக்கத்தில் இருக்கட்டும். பிரெஞ்சில் பூண்டுக்கு 'ஆய்' என்று பெயர். எட்டு வயதுக் குழந்தை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். பேச விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் வாயை அடைத்தது நீங்கள்தானே.

அதற்கெல்லாம் முன்னால், கணவரும் நீங்களும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு மணி வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போங்கள், இரண்டு பேரும். கீழேயிருந்து குரல் கொடுக்காதீர்கள், குழந்தையையும் அனுப்பாதீர்கள். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்.