நாத்தனார் வீட்டு டைம்ஷேரும் உங்கள் வீட்டு 14 பவுனும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வேலையைக் கணவர் பார்க்கிறார், கணக்கு என் பொறுப்பு. மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனபோது ஏரிக்கரையில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டோம். பரிசு விழுந்திருப்பதாக போன் வந்தது. தம்பதியாகத்தான் வரவேண்டும் என்று சொல்லி, சேலத்தில் ஒரு ஓட்டலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, 25 வருட விடுமுறை உறுப்பினர் திட்டம் (டைம்ஷேர்) 4,80,000 ரூபாய் என்றார்கள். வருடத்துக்கு ஏழு இரவு அவர்கள் விடுதிகளில் தங்கலாம். பராமரிப்புக் கட்டணம் வரியோடு வருடம் 21,000. மாதம் 12,000 வரை தவணை கட்ட முடியும் என்று கணக்குப் போட்டோம்.

இதைக் கேள்விப்பட்ட நாத்தனார் கணவர் (சென்னை), “புதுசு எதுக்கு? 2013-ல் 2,90,000-க்கு வாங்கினது என்கிட்ட இருக்கு. இன்னும் 12 வருஷம் பாக்கி, பாதி விலைக்கு எடுத்துக்கோங்க” என்று 1,60,000 கேட்கிறார். பெயர் மாற்றக் கட்டணம் 25,000, அவர் இரண்டு வருடமாகக் கட்டாத பராமரிப்பு 42,000, இரண்டும் எங்கள் தலையில். அது வெள்ளை சீசனாம், உச்ச காலத்தில் தங்க முடியாது. பட்டறை ஆரம்பித்தபோது 50,000 கொடுத்து உதவியவர். திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஆனாலும் என் கணவருக்கு மறுக்க வாய் வரவில்லை.

வங்கியில் 14 பவுன் மேல் 3,50,000 நகைக்கடன் இருக்கிறது. முதலில் வாங்கியது 2 லட்சம். வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் இரண்டரை லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். புதியது வாங்கலாமா, பழையதா?

பதில்: அந்தப் ‘பாதி விலை’யை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். 25 வருடத்துக்கு 2,90,000 என்றால் வருடத்துக்கு 11,600. அவர் 13 வருடத்தை அனுபவித்துவிட்டார். மிச்சம் 12 வருடத்துக்கு 1,39,000 சொச்சம்தான் வருகிறது, கேட்பது 1,60,000. பாதிக்கு மேல் தின்ற மாம்பழத்துக்குப் பாதிக்கு மேல் விலை, அதுவும் சேலத்துக்காரரிடம்!

பெயர் மாற்றமும் பழைய பாக்கியும் சேர்த்தால் உங்கள் கையிலிருந்து போவது 2,27,000. 12 வருடத்துக்கு 84 இரவு, ஆக ஒரு இரவுக்கு 2,700 ரூபாய். ஓட்டலில் சொன்ன புதிய திட்டத்துக்கு 4,80,000-ஐ 175 இரவால் வகுத்துப் பாருங்கள்: 2,740. நாற்பது ரூபாய் வித்தியாசத்துக்காகப் பழையதை வாங்குகிறீர்கள். நேரடியாக வாங்குகிறவர் தனக்குத் தேவையான சீசனைத் தேர்ந்தெடுக்கலாம், முழுக் காலமும் கிடைக்கும், சேரும்போது தரும் சலுகைகளும் கிடைக்கும். மனம் மாறினால் குறிப்பிட்ட நாளுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கவும் பல ஒப்பந்தங்களில் வழி உண்டு. கைமாற்றில் வாங்குகிறவருக்குச் சலுகைகள் எல்லாம் கூடவே வரும் என்று சொல்ல முடியாது. உறவுக்காரரிடம் வாங்கியதை ரத்து செய்யும் கதையை நான் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமும் கிடையாது, சண்டை வந்தால் நுகர்வோர் நீதிமன்றம்தான்.

“அப்போ புதுசே வாங்கிடலாமா?” என்று உடனே கேட்காதீர்கள்.

உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. பழைய கொலுசை மாற்ற வருகிறவரிடம் கூலியையும் சேதாரத்தையுமா திருப்பிக் கொடுக்கிறார்கள்? எடை போட்டு, டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து, வெள்ளிக்கு மட்டும்தான் காசு. டைம்ஷேர் விலையில் கூலி மாதிரி ஒரு பெரிய பங்கு உண்டு. அந்தக் கூப்பன், அந்த ஓட்டல் வாடகை, மூன்று மணி நேரம் சிரித்த முகமாகப் பேசிய தம்பியின் கமிஷன் எல்லாம் அதில் அடக்கம். கையெழுத்துப் போட்ட அன்றே அது கரைந்துவிடும். மிச்சம் இருக்கிற வெள்ளியும் வருடம் ஏழு இரவாகத் தேய்ந்துகொண்டே வரும். இது நிலமோ கட்டடமோ இல்லை, பட்டா கிடையாது, தங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். இந்த நாட்டில் இந்த வியாபாரம் 1980-களிலிருந்து நடக்கிறது. 99 வருடம் என்றுகூட விற்றிருக்கிறார்கள். இப்போது இரவுகளுக்குப் பதிலாக ‘பாயிண்ட்ஸ்’ (புள்ளிகள்) என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. வாங்கிய விலைக்கு மேல் விற்றேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இன்னொரு கணக்கு. பராமரிப்புக் கட்டணம் 21,000-ஐ ஏழால் வகுத்தால் இரவுக்கு 3,000. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், வருடா வருடம் ஏறவும் ஏறும், சாப்பாடு தனி. அதே தரத்து அறை வெளியில் 4,500-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு இரவும் தங்கினால் இரவுக்கு 1,500 மிச்சம். நாலு இரவுதான் போக முடிந்தது என்றால்? 18,000 ரூபாய் அறைக்கு 21,000 கட்டுகிறீர்கள். நாத்தனார் கணவர் சும்மாவே கொடுத்தாலும் அந்த வருடம் 3,000 நஷ்டம். போன மூன்று வருடத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு வெளியூரில் எத்தனை இரவு தங்கினீர்கள்? காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏற்காட்டை அதில் சேர்க்காதீர்கள். முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் ஏறி, லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்று சேலத்து விளக்கைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிற ஊர் அது. மூணாறு, ஊட்டி என்று மற்ற ஊர்களுக்குப் போகிறவருக்குத்தான் இந்தத் திட்டத்தில் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கிறது.

அதற்கும் சீசன் இடம் கொடுக்க வேண்டும். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்திருப்பார்கள். ஊதா எல்லோரும் கிளம்புகிற உச்ச காலம், நீலம் ஆள் வராத காலம். பள்ளி விடுமுறை பெரும்பாலும் மேலே இருக்கிற நிறங்களில்தான் விழும். ப்ளஸ் ஒன் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு வெள்ளை சீசனில் எப்போது போவீர்கள்? அடுத்த வருடம் ப்ளஸ் டூ வேறு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னை உறுத்தியது “அதே நகைக்கு இன்னும் இரண்டரை லட்சம் தருவதாக” என்ற அந்த வரி. பட்டறைக் கணக்கைச் சல்லிக்காசு பிசகாமல் எழுதுகிற உங்களுக்கு இது எப்படித் தப்பியது? 2 லட்சம் வாங்கினீர்கள், இன்று 3,50,000-ல் நிற்கிறது. நகை ஒரு குந்துமணி எடை கூடவில்லை, கடன் ஒன்றரை லட்சம் கூடியிருக்கிறது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதை வருமானம் மாதிரி எடுத்துச் செலவு செய்திருக்கிறீர்கள். ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 33,000 வட்டி. இன்னும் இரண்டரை லட்சம் சேர்த்து 6 லட்சமாக்கினால் 57,000. டைம்ஷேருக்குப் போகும் 2,27,000-க்கு மட்டும் வட்டி 21,500, அதாவது இரவுக்கு இன்னொரு 3,000. விலை 2,700, பராமரிப்பு 3,000, வட்டி 3,000 எல்லாம் கூட்டினால் 8,700. அறை வாடகை 4,500. புதியதோ பழையதோ, நகையை வைத்து வாங்கினால் இரண்டும் ஒன்றுதான்.

மாதம் 12,000 தவணை கட்ட முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வங்கிக்குக் கொண்டுபோங்கள். இப்போது கட்டும் வட்டியையும் சேர்த்தால் மாதம் 15,000 வரும். நகைக்கடனில் இடையிடையே பகுதித் தொகை கட்டலாம், வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடியில் ஆர்டர் இல்லையென்றால் 8,000 கட்டுங்கள், தீபாவளிக் கூலி வந்ததும் சேர்த்துக் கட்டிவிடலாம். ஏறக்குறைய 26 மாதத்தில் 14 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். ஒரே கடனாக வைத்திருந்தால் அடுத்த முறை மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒன்றை முடித்தால் அந்த நகையைக் கையில் வாங்கலாம், அடுத்ததை அடைக்கவும் மனசு வரும்.

இந்த 26 மாதக் காத்திருப்பில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை, நாத்தனார் கணவருக்குத்தான் அவசரம். வருடம் 21,000 பாக்கி ஏறிக்கொண்டே போகும். கட்டாமல் விட்டால் அறை பதிவு செய்ய விடமாட்டார்கள், நாளாக ஆக உறுப்பினர் உரிமையையே நிறுத்திவிடலாம். அப்போது மிச்சம் 10 வருடம்கூட இருக்காது, 1,60,000 என்ற பேச்சும் இருக்காது. உங்கள் பெண்ணும் கல்லூரிக்குப் போயிருப்பாள், வெள்ளை சீசனில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பலாம். அன்றைக்கு ஆசை இருந்தால் விலை பேசுங்கள். பழைய பாக்கியும் பெயர் மாற்றக் கட்டணமும் விற்பவர் பொறுப்பு. மிச்ச வருடம், சீசன், அறையின் அளவு, எந்தச் சலுகை கைமாறும் என்பதையெல்லாம் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயர் ஏறிய பிறகுதான் பணம் கைமாற வேண்டும்.

அதற்குள் அவருக்கு ஒரு எச்சரிக்கை சொல்லி வையுங்கள். “உங்கள் டைம்ஷேருக்கு ஆள் தயாராக இருக்கிறார், பத்திரச் செலவுக்கு முன்பணம் அனுப்புங்கள்” என்று போன் வரும். அனுப்பினால் அந்தப் பணமும் போச்சு.

அந்த 50,000 விஷயம். வாங்கியதைத் திருப்பிவிட்டீர்கள், நன்றி பாக்கி இருக்கிறது. அதை 2,27,000 கொடுத்துத் தீர்க்க வேண்டியதில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு உங்கள் பட்டறையிலிருந்து கனமாக ஒரு ஜோடி கொலுசு போடுங்கள். கணவருக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தால் நீங்களே நாத்தனாரிடம் பேசுங்கள்: “நகை பேங்கில இருக்குதுங்க அண்ணி, மீட்ட பிறகுதான் எதுவும்.” பெண்கள் பக்கம் இது சீக்கிரம் புரியும்.

ஓட்டலில் ஏதாவது தாளில் கையெழுத்தோ கார்டில் முன்பணமோ கொடுத்துவிட்டு வந்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் விண்ணப்பத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள், எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று இருக்கும். சில நிறுவனங்களில் அது பத்தே நாள். போனில் சொன்னால் எடுபடாது, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.